புதுப் பம்பும் பழைய வயரும்

என் கணவர் பாலகணேஷுக்கு ஏரலில் மளிகைக்கடை. பதினைந்து வருஷத்துப் பழைய பெட்ரோல் கார் ஒன்றும் உண்டு. அதற்குப் பிக்கப் போதவில்லை என்று செல்போனில் வீடியோ பார்த்தே கண்டுபிடித்து, பந்தயக் காருக்குப் போடுகிற பெரிய பெட்ரோல் பம்ப் ஒன்றை வரவழைத்தார். பருப்பு மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு அவசியம்தானே.

பம்போடு தடித்த வயரும், பம்புக்குக் கரண்டைத் திறந்து மூடுகிற புது ரிலேயும் வந்திருந்தன.

"பேட்டரியில இருந்து நேரா புது வயர் இழுக்கணும் அண்ணாச்சி. வண்டித் தரையில சின்னதா ஒரு துளை போட்டுக்கிடுதேன்," என்றான் எலக்ட்ரீஷியன் நேசக்குமார்.

"ஏலே, பூஜை போட்ட வண்டியத் துளைக்கவா சொல்லுத? பழைய வயர்லயே மாட்டு."

நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். பெரிய பம்ப் ரெண்டு மடங்கு கரண்ட் இழுக்கும், பழைய வயரும் ரிலேயும் சூடு தாங்காது என்று சொன்னேன். "அத உன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடு," என்றார். புது ரிலேயைப் பெட்டியோடு சந்தனம் குங்குமம் வைத்து டிக்கியில் பத்திரப்படுத்தினார். அங்கிருந்தே அருள்பாலிக்கும் போல.

அடுத்த வாரம் எனக்குத் தூத்துக்குடியில் இடமாறுதல் கலந்தாய்வு. எட்டு வருஷமாக விளாத்திகுளம் பக்கம் வேலை. விடியுமுன் கிளம்புவேன், மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். ஏரல் பள்ளியில் இப்போது ஒரே ஒரு இடம் காலி. பத்து மணிக்குப் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். ஏழரை பஸ்ஸுக்குக் கிளம்பியவளை மறித்தார்.

"கார் நிக்கும்போது எதுக்குளா பஸ்ஸு? பறந்துருவோம்."

வண்டியைத் துடைத்து முடிக்கவே எட்டேமுக்கால் ஆனது. பிறகு பறந்தோம், தூத்துக்குடிக்குச் சற்று முன்னால் இருக்கிற புதுக்கோட்டை வரைக்கும். அங்கே பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது, வண்டி நின்றது. பானெட்டைத் திறந்தால் பழைய ரிலே உருகிச் சப்பையாகிக் கிடந்தது.

"பெட்ரோல்ல தண்ணி கலந்துட்டான் பாத்துக்க," என்றார் கொஞ்சமும் கூசாமல். "ரெண்டு நிமிசம்ளா."

அந்த ரெண்டு நிமிஷத்தை நம்பி இருபது நிமிஷம் நின்றேனே, அவரைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம். பஸ் பிடித்து அரங்கத்துக்குள் ஓடியபோது பத்து இருபது.

"மூணு தடவ கூப்பிட்டோமே டீச்சர்," என்றார் மேசையில் இருந்தவர். "ஏரல் இடம் உங்களுக்கு அடுத்தாப்புல இருந்த ஜெபசுதாவுக்குப் போயிட்டு."

வராந்தாவுக்கு வந்ததும் போன் அடித்தது.

"ஏளா, மெக்கானிக் வந்து டிக்கில இருந்த ரிலேய மாட்டுனான், வண்டி கிளம்பிட்டு! என்னமா இழுக்குது தெரியுமா! நீ எங்கன நிக்க? கூப்பிட வாரேன்."

கலந்தாய்வுக் கடிதத்தை மடித்துப் பைக்குள் திணித்தேன்.

"இங்கன வராதீங்க. நேரா பாப்பா ஸ்கூலுக்குப் போங்க. எங்க அம்மா இனிமே ஏரல் டீச்சர்னு கிளாஸ் பூரா சொல்லி வச்சிருக்கா. இல்லைனு நீங்களே போய்ச் சொல்லுங்க."