தகவல்: வசந்தினி (மருமகள்)

சவப்பெட்டியை மூட வந்தவருடைய மணிக்கட்டை வசந்தினி பிடித்துக்கொண்டாள். கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் போட்ட அந்த மனிதர் பல வருடமாக மொன்றியலில் பெட்டி மூடுகிறவர். விழுந்து அழுகிறவர்களைப் பார்த்திருப்பார், மயங்குகிறவர்களைப் பார்த்திருப்பார். கண்ணில் ஒரு சொட்டு நீரில்லாமல், பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்க, சிரிப்பை வேறு அடக்கிக்கொண்டு நிற்கும் ஒரு மருமகளை அவர் பார்த்திருக்கமாட்டார்.

"கொஞ்சம் பொறுங்க, மெஸ்யே. மாமாட அக்கா வந்துகொண்டிருக்கா," என்றாள் பிரெஞ்சில்.

"எங்க நிக்கிறா?"

"கோர்ன்வோல் எப்பவோ தாண்டிட்டாவாம். வழியெல்லாம் பனி கொட்டுதாம்."

மனிதர் அவளுடைய கணவன் மாரெக்கைப் பார்த்தார். மாரெக் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். பதினொரு மணிக்கு ரோஸ்மொன்ற் போலிஷ் தேவாலயத்தில் பூசை. பெட்டியை ஒருமுறை மூடி முத்திரை வைத்தால் பிறகு திறக்கமாட்டார்கள். பெட்டிக்குள்ளே மாமனார் யோசெப் தன் ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, இந்த அமளிக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவர் போலக் கிடந்தார்.

இப்படி ஒரு அக்கா உயிரோடு இருக்கிறாள் என்பது நேற்றுப் பின்னேரம்வரை அங்கே ஒருவருக்கும் தெரியாது. அதுதான் வசந்தினிக்குக் கால் தரையில் படாமல் இருந்தது. செத்தவீட்டில் இப்படி இருக்கலாமா என்று அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் சந்தோசம் அடங்கவில்லை.

யோசெப் கதைக்கிற மனிதர் அல்ல. பன்னிரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் மாமனாரும் மருமகளும் ஜான்-டலோன் சந்தைக்குப் போவார்கள். அவருக்கு பீற்றூட்டும் முட்டைக்கோவாவும், அவளுக்குக் கத்தரிக்காயும் பச்சை மிளகாயும். மாரெக்கே தகப்பனிடம் கேட்டுப் பெறாத கதைகளை வசந்தினி அந்தக் கடைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தாள். பீற்றூட் கடையில் அவருடைய ஊர் வந்தது: போலந்தின் கிழக்கு மூலையில் ஸாலெசி. உருளைக்கிழங்குக் கடையில் சைபீரியா வந்தது. அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது ஒரு மாசிப் பனியில் வந்த ரஷ்யப் பட்டாளம் குடும்பத்தோடு ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டிலே விட்டதாம். முலாம்பழத்தைத் தட்டிப் பார்க்கும்போது உஸ்பெக்கிஸ்தான்; அங்கேதான் தாயும் தகப்பனும் செத்துப் போனார்கள். வாழைக்குலையைக் கண்டால் தங்கனீக்கா. அநாதைப் பிள்ளைகளின் முகாம் அங்கேதான் இருந்தது. அங்கிருந்துதான் நாற்பத்தொன்பதில் கப்பலேறி மொன்றியலுக்கு வந்தார்.

மாதுளம்பழக் கடையை மட்டும் அவர் வேகமாகக் கடந்துவிடுவார். வசந்தினி விடவில்லை. ஒருநாள் ஒரு பழத்தை வாங்கி, அவர் கையில் வைத்து, அப்படியே நின்றாள்.

"பாரசீகம்," என்றார் யோசெப். "கப்பலால இறங்கின இடம். அக்கா செலீனுக்குக் காய்ச்சல். கூடாரத்துக்குள்ள கொண்டு போனாங்க. என்னை லொறியில ஏத்திட்டாங்க. அவள் செத்திட்டாள் எண்டு ஒரு தாதி சொன்னா."

"அப்ப செத்துப் போனாவா, மாமா?"

அவர் பழத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "ஒருத்தரும் எனக்குக் குழியைக் காட்டயில்ல," என்றார்.

அதற்கு மேல் வசந்தினியும் கேட்கவில்லை. அந்தப் பதில் அவளுக்குப் பழக்கமான பதில். அவளுடைய அண்ணன் கிருஷாந்தனைத் தொண்ணூறாம் ஆண்டு மட்டக்களப்பில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள்; பிறகு ஆள் இருக்கிறானா இல்லையா என்று ஒரு தகவலும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னர் அப்பா இறந்தபோது, மரண அறிவித்தலை எழுத உட்கார்ந்தவளுக்கு ஊரிலிருந்து அம்மா ரெலிபோன் எடுத்தாள். "அண்ணன்ட பேருக்கு முன்னால ஒண்டும் போடாத, மகள்," என்றாள். வசந்தினி காலஞ்சென்ற என்ற சொல்லைப் போடவில்லை. அடியில் தகவல் என்று தன் கைத்தொலைபேசி இலக்கத்தைப் போட்டாள். அதன்பிறகு எத்தனையோ கொம்பனிக்காரர்கள் மலிவான இணைப்புத் தருகிறோம் என்று வந்தும், இலக்கம் மாறும் என்றால் அவள் சம்மதிக்கவில்லை.

இந்தத் திங்கட்கிழமை காலை யோசெப் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை. மாரெக் போலிஷ் வழக்கப்படி நாலு வரி எழுதினான்: பெயர், வயது, பூசை நேரம், பூ வேண்டாம். வசந்தினி அதை வாசித்துவிட்டு, "இது செத்தவீட்டு நோட்டீசா, கடைப் போர்டா?" என்று கேட்டாள். பார்க்-எக்ஸில் அச்சுக்கடை வைத்திருக்கும் வலன்ரைன் அண்ணனுக்கு ரெலிபோன் எடுத்துத் தானே சொல்லச் சொல்ல எழுதுவித்தாள்.

"போலந்து ஸாலெசியைப் பிறப்பிடமாகவும், சைபீரியா, உஸ்பெக்கிஸ்தான், பாரசீகம், தங்கனீக்கா ஆகிய இடங்களை முன்னாள் வதிவிடங்களாகவும், மொன்றியலை நிரந்தர வதிவிடமாகவும் கொண்ட யோசெப் கோவாலிக் அவர்கள்..." வலன்ரைன் அங்கேயே நிறுத்திவிட்டார்.

"புள்ள, எங்கட ஆக்களே இவ்வளவு நாடு திரியயில்ல."

"எழுதுங்க அண்ணன். காலஞ்சென்ற ஸ்தனிஸ்லாவ், அன்னா தம்பதிகளின் மகனும், காலஞ்சென்ற ஹெலனாவின் கணவரும், மாரெக்கின் தந்தையும், வசந்தினியின் மாமனாரும், தனுஷாவின் பாட்டனாரும், செலீனின் அன்புச் சகோதரரும் ஆவார்."

"செலீனுக்கு முன்னால காலஞ்சென்ற போடயில்லையே?"

"இல்ல."

"அப்ப உசிரோட இருக்காவா?"

"தெரியாது. அதால போடயில்ல."

வலன்ரைன் மட்டக்களப்பு மனிதர். மேலே கேட்கவில்லை.

வசந்தினி அதோடு நிற்கவில்லை. சனிக்கிழமைப் பள்ளியில் போலிஷ் படித்த மகள் தனுஷாவை இருத்தி, ஒரு சொல் விடாமல் அதைப் போலிஷிலும் ஆங்கிலத்திலும் எழுதுவித்து, போலிஷ் கோவிலின் இணையப் பக்கத்திலும் போடுவித்தாள். மாரெக் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"பூமிசாத்திரப் பாடம் மாதிரிக் கிடக்கு, வசா. கீழ உன்ட நம்பர் வேற. ஆர் இப்படிப் போடுறது?"

"நாங்க போடுவம்," என்றாள் அவள்.

நேற்றுப் பின்னேரம், பிரேதம் வைத்திருக்கும் இதே மலர்ச்சாலையில், மெழுகுதிரிகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்த கைப்பைக்குள் அந்த நம்பர்தான் அதிர்ந்தது. ஹமில்டனிலிருந்து ஒரு ஆண்குரல், ஆங்கிலத்தில், "வசந்தினி, மருமகள்?" என்று முழுப்பெயரைக் கூப்பிடுவது போலக் கேட்டது. "அம்மா உங்களோட கதைக்கோணுமாம்." அதற்குள் ஒரு கிழவியின் குரல் அவனிடமிருந்து ரெலிபோனைப் பறித்துவிட்டது. வணக்கம் இல்லை, பெயர் இல்லை.

"அவனுக்கு இடப்பக்கக் காது முழுசா இருக்கா?"

வசந்தினி பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை. இடது காதுச் சோணையில் ஒரு துண்டு இல்லாதது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தனுஷா பாலர் வகுப்பில் படமே வரைந்திருக்கிறாள்.

"இல்ல. சோணை பிய்ஞ்சிருக்கு," என்றாள். "சைபீரியாக் காட்டில ஓநாய் கடிச்சது."

"ஓநாயா?" என்றது குரல். "ஓநாய் எண்டா சொன்னவன்? பொய்க்காரன்! அது எங்கட வீட்டு வாத்து. நான்தான் அதை அவனுக்கு மேல கலைச்சு விட்டனான். அம்மாட்ட அடி வாங்கினதும் நான்தான்."

அதற்குப் பிறகு கிழவி ரெலிபோனைக் கை மாற்றிவிட்டாள். மகன்தான் மிச்சத்தைச் சொன்னான். காய்ச்சல் தெளிந்து எழும்பியபோது தம்பியின் லொறி போய்விட்டதாம். எந்த நாட்டுக்கு என்று சொல்ல ஆளில்லை. அவளை இந்தியாவுக்கு, கோலாப்பூர் முகாமுக்கு அனுப்பினார்கள். பிறகு இங்கிலாந்து, கலியாணம், புதுப் பெயர், ஹமில்டன். யோசெப் கோவாலிக் என்ற பெயரைத் தேடித் தேடி அலுத்தாளாம். போலந்தில் தெருவுக்கு ஒரு யோசெப் கோவாலிக். ஊரையும், தாய் தகப்பனையும், போன வழியையும், தன் பெயரையும் ஒன்றாகச் சேர்த்துப் போட்ட ஒரு அறிவித்தலை இப்போதுதான் கண்டாளாம்.

மாரெக்கிடம் வாத்துக் கதையைச் சொன்னபோது அவன் பக்கத்துக் கதிரையில் பொத்தென்று இருந்தான். தகப்பன் செத்து நாலு நாளாக மரக்கட்டை மாதிரித் திரிந்தவன், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். போலிஷ்க் கிழவர்கள் எல்லாம் அழுகிறான் என்று நினைத்து வந்து முதுகைத் தடவினார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் உண்மையாகவே அழுதான்.

ஆனால் இப்போது, பூசைக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது, அவன் பழைய மாரெக் ஆகிவிட்டான். சாமியாருக்கு ஒரு மணிக்கு வேறு பூசை. கார்கள் வெளியே இயங்கிக்கொண்டு நிற்கின்றன. "அத்தை பூசைக்கு நேர வரலாம்தானே, வசா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"வந்து எதைப் பாக்கிறது? மூடின பெட்டியையா? அறுபத்தைஞ்சு வருசமா அந்த மனிசி மூடின கதவைத்தான் பாத்திருக்கா. கூடப்பிறந்தவள் முகம் பாக்காமப் பெட்டி மூடுறதெண்டா, என்னையும் வச்சு மூடுங்க."

கையுறை மனிதர் மரியாதையாக இருமினார். அப்போது முதல் வரிசையில் இருந்த வசந்தினியின் பெரியம்மா அல்போன்சம்மா எழும்பினாள். அவளுக்கு பிரெஞ்சும் தெரியாது, போலிஷும் தெரியாது. ஆனால் மூடப் போகிறார்கள், ஆள் இன்னும் வரவில்லை என்பது விளங்கிவிட்டது. நேரே பெட்டியடிக்குப் போய், மூட்டுவலிக்கால்களை மடக்கி முழந்தாளில் இருந்து, செபமாலையை எடுத்தாள். "சந்தோச தேவ இரகசியம், முதலாவது," என்று மண்டபம் அதிரத் தொடங்கினாள்.

வலன்ரைன் குனிந்து, "பெரியம்மா, இண்டைக்கு வெள்ளிக்கிழமை. துக்க தேவ இரகசியமெல்லோ சொல்றது," என்றார்.

"அக்கா வாற வீட்டில என்ன துக்கம்? சும்மா இரு, மனே."

மட்டக்களப்புச் சனம் முழுவதும் முழந்தாளில் இருந்தது. அருள் நிறைந்த மரியாயே என்று தமிழில் எழும்ப, போலிஷ்க் கிழவிகள் செபமாலையைக் கண்டதும் தங்கள் பாஷையில் மறுபாதியைப் பிடித்தார்கள். கையுறை மனிதர் மூடியில் இருந்து கையை எடுத்தார். அவரும் கத்தோலிக்கர்தான், செபமாலையின் நடுவே பெட்டி மூட அவருக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய உதடும் அசைந்தது.

மாரெக் தாழ்வாரத்துக்குப் போய்ச் சாமியாருக்கு ரெலிபோன் எடுத்தான். "இல்ல, சாமி, பெட்டி இன்னும் மூடயில்ல. என்ட அத்தை வாறா," என்று சொல்வது கேட்டது. ஒரு தடவை சொல்லி, மறுபடியும் சொன்னான். "ஓம், அத்தை. அப்பாட சொந்த அக்கா." அந்தச் சொல் அவனுக்கே புதிது.

இரண்டாவது இரகசியத்தில் வசந்தினியின் கைத்தொலைபேசி அதிர்ந்தது: டோர்வலுக்கு வந்துவிட்டோம். மூன்றாவதில் அதிர்ந்தது: வழி தவறிவிட்டோம். அவள் வாசலுக்கும் பெட்டிக்கும் இடையில் ஓடி ஓடி, பிரெஞ்சுத் தெருப்பெயர்களை ஆங்கிலத்தில் கத்திக் கத்தி வழி சொன்னாள். சேலைக்கு மேலே யோசெப்பின் பழைய குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கி, தெரு நடுவே நின்று இரண்டு கையையும் வீசினாள். ஹமில்டன் கார் அவள் முழங்காலில் முட்டாத குறையாக நின்றது.

செலீன் தானே கதவைத் திறந்து இறங்கினாள். குட்டையான கிழவி, பெரிய பனிச் சப்பாத்து. மகன் வாசலில் நின்று, சேலையும் பொட்டுமாய் முழந்தாளில் இருந்த கூட்டத்தைக் கண்டு, இடம் மாறி வந்துவிட்டோமோ என்று திகைத்தான். அவள் திகைக்கவில்லை. கோலாப்பூரில் சேலைகளுக்கு நடுவே வளர்ந்தவள். அல்போன்சம்மாவின் தோளைப் பிடித்து ஊன்றிக்கொண்டு பெட்டிக்குள் குனிந்தாள்.

செபம் நின்றுவிட்டது. செலீன் அழவில்லை. தம்பியின் முகத்தை முதலில் பார்க்கவும் இல்லை. விரல்களால் இடது காதைத் தேடிப் பிடித்து, அந்தப் பிய்ந்த சோணையைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அதை மெல்லத் திருகிவிட்டு, போலிஷில் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்று வசந்தினி மகளிடம் கேட்டாள்.

தனுஷாவுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "'ஓநாயாம், ஓநாய்' எண்டு சொல்றா."

பதினொன்றே முக்காலுக்குத் தேவாலயத்தில் பூசை தொடங்கியது. முன் வரிசையில் மாரெக்கும் செலீனும் கைகோத்து இருந்தார்கள். பின்னால் இருந்த வலன்ரைன் முன்னே சாய்ந்து, "முப்பத்தோராம் நாளுக்கு நன்றி நோட்டீஸ் அடிக்கோணும், புள்ள. செலீன்ட வரியில ஏதும் மாத்திறதா?" என்று குசுகுசுத்தார்.

"ஒண்டும் மாத்தாதீங்க. ஹமில்டன் எண்டு மட்டும் சேருங்க."

சாமியார் மேடைக்கு வந்து, கைத்தொலைபேசிகளை நிறுத்தும்படி போலிஷ், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று மூன்று பாஷையிலும் கேட்டுக்கொண்டார். வரிசை வரிசையாக எல்லாரும் பைகளுக்குள் கையை விட்டார்கள். மாரெக் தன்னுடையதை நிறுத்திவிட்டு, வசந்தினியின் பக்கம் திரும்பினான்.

அவள் தன்னுடையதை நிறுத்தவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்து, மடியில், முகப்பு மேலே தெரியும்படி வைத்துக்கொண்டாள். அண்ணனின் பெயரும் இருந்த தன் அப்பாவின் அறிவித்தலுக்கு அடியிலும் இதே இலக்கம்தான் இருந்தது. மாரெக் அதைப் பார்த்தான். பிறகு பூசைப் புத்தகத்தைத் திறந்து, சாமியாருக்குத் தெரியாமல் அவள் மடிக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டான்.