ராணி மாடும் என் வயித்தெரிச்சலும்

மூணு வருஷமா ராணிப் பட்டம் ஒட்டீலியாவோட மாட்டுக்குத்தான். ஜூன்ல ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் மலைக்கு மாடெல்லாம் ஏறின அன்னிக்கே ஒண்ணை ஒண்ணு முட்டிக்கற சண்டை நடக்கும். ஜெயிச்ச மாடு கோடை முழுக்க மந்தைக்கு முன்னால நடக்கும். மாடு நடக்கட்டும், சொந்தக்காரியும் தெருவில அப்படி நெஞ்சை நிமித்திட்டு நடக்கணுமா? எனக்கு வயிறு எரியும். சொல்றதுக்கு என்ன வெட்கம்?

இந்த வருஷம் என் மாடு ஃபிரெனி தயாரா இருந்தா. அந்தக் கழுத்தைப் பாத்தா நீங்களே சொல்லியிருப்பீங்க. ஆனா மலை தயாரா இல்லை. போன கோடையில ஆகஸ்ட்லயே புல்லு தீந்து மண்ணு தெரிஞ்சுது. இன்னொரு தடவை அப்படி மேய விட்டா புல்லு வேரோட போயிடும், அப்புறம் யாருக்கும் மலை கிடையாதுன்னு மேய்ப்பர் சொல்லிட்டார்.

எங்க ஊர்ல பழைய சட்டம் ஒண்ணு உண்டு. சொந்த நிலத்துப் புல்லைக் காயவச்சுப் போட்டு குளிர்காலத்துல எத்தனை மாட்டைக் காப்பாத்தினியோ, அத்தனையைத்தான் கோடையில மலைக்கு ஓட்டலாம். ஒட்டீலியாவோட நிலத்துக்கு நாலு மாடே அதிகம். அவ ஏழு ஓட்டறா! அவ கொட்டகைப் பக்கம் போய்க் காஞ்ச புல்லை மோந்து பாத்தேன். தடித் தண்டு, வாசனையே இல்லை. சமவெளியில விலைக்கு வாங்கின புல்லு. அன்னிக்கு நான் ரெண்டு துண்டு ரொட்டி கூடுதலா சாப்பிட்டேன்.

வசந்தகாலக் கூட்டத்துல எழுந்து எல்லாத்தையும் போட்டு உடைச்சேன்.

"ஆமா, வாங்கினேன்," ஒட்டீலியா அசரவே இல்லை. "உன் கொட்டகையில இருக்கறது வானத்துலேர்ந்து விழுந்துதாடி, கிரெசென்ஸ்? அதே லாரி உன் வாசல்லயும் நின்னுச்சே!"

"நீ வாங்கினதைப் பாத்துட்டுத்தான்டி நானும் வாங்கினேன்!"

கூடமே சிரிச்சுது. தலைவர் லேயாண்டர் மேஜையைத் தட்டினார். "வாங்காதவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கைகூட எழும்பலை. தலைவரோட கையும் மேஜை மேலேயே இருந்துது. பக்கத்து வீட்டுக்காரன் எப்படியும் ஓட்டுவான், நாம மட்டும் ஏன் இளிச்சவாயனா இருக்கணும்னு ஊரே நினைச்சிருக்கு.

அப்போ ஒட்டீலியா எழுந்தா. "சரி, என் ராணி கீழயே இருக்கட்டும். அதுதான் அதிகம் தின்னுது. கூட ரெண்டையும் நிறுத்திக்கறேன்."

கைதட்டுன்னா அப்படி ஒரு கைதட்டு. லேயாண்டர் தன் கையாலயே அவளுக்கு வைன் ஊத்தினார். அடேங்கப்பா, என்ன மரியாதை!

என் வீட்டுக்காரர் கமீல் காதைக் கடிச்சார். "பேசாம இரு. ராணி இல்லைன்னா ஃபிரெனிதான் ஜெயிக்கும்."

ஜெயிக்கும்தான். 'ராணி வராததால ஜெயிச்சுது'ன்னு கோடை முழுக்கச் சொல்லுவாங்களே! புண்ணியமும் அவளுக்கு, பேச்சும் அவளைப் பத்தியா? எனக்குப் பொறுக்கலை.

"என் ஃபிரெனியும் வரமாட்டா! கூட ரெண்டு மாடும்!"

கமீல் தலையில கையை வச்சுக்கிட்டார். அதுக்கப்புறம் யாராலயும் உக்காந்திருக்க முடியலை. அவ நிறுத்தினா நானும், அவன் நிறுத்தினா நானும்னு ஒவ்வொருத்தரா எழுந்தாங்க.

ஆகஸ்ட் முடிஞ்சும் மலை பச்சையா இருக்கு. நேத்து கோயில் வாசல்ல மேய்ப்பர் ஒட்டீலியா கையைப் பிடிச்சுக்கிட்டு, "மலையைக் காப்பாத்தினது நீங்கதான்மா"ன்னார். நான் பக்கத்துலதான் நின்னேன். என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை.

வரட்டும் அடுத்த கூட்டம். அவ வாயைத் திறக்கறதுக்குள்ள நான் எழுந்துடுவேன்.