பச்சை மாவு தின்னும் ஈஸ்ட்

அடுப்பு எரியாத ஆலையில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வடக்கனந்தலில் மரவள்ளி மாவு வேகும் கொப்பரைக்கு அடியில் விறகு தள்ளித் தள்ளியே கண் சிவந்து, நெஞ்சில் புகை கட்டிப் போனவன் நான். மாவை வேகவைத்து, மருந்து கலந்து இனிப்பாக்கினால்தான் ஈஸ்ட் அதைத் தொடும். பிறகுதான் வண்டிக்கு ஊற்றுகிற எத்தனால். எங்களோடு வேலை செய்யும் லூசியின் மகள் அனிட்டா ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த ஈஸ்ட்டோ பச்சை மாவையே தின்னுமாம்.

"மாவ ஒடைக்கிற குணத்த அதுக்குள்ளயே வச்சிட்டோம்ணே. நெருப்பே வேணாம்" என்று சொல்லி, நேற்றே பேரலில் கலந்து வைத்தாள்.

காலையில் வந்த முதலாளி சுப்புராயன் நம்பவில்லை. "இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள நொரை வரணும். வரலன்னா நாளைக்கு இருசப்பன் அடுப்பப் பத்த வச்சிடுவான்."

என் பக்கம் கை காட்டிவிட்டுப் போனார்.

அவர் போனதும் மாவு கழுவ வந்த என் மனைவி சின்னப்பொண்ணு பேரலைச் சுற்றி வந்தாள். "இன்னாயா இது, கரியாலூர் சாராய ஊறலாட்டம்? போலீசு வந்துடப் போறான்" என்று சிரித்தாள். புதுச் சாமானாயிற்றே என்று கற்பூரம் காட்டினாள். ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரையும் உள்ளே ஊற்றிவிட்டாள்.

அனிட்டா ஓடிவந்தாள். "ஐயோ, மஞ்சளாக்கா ஊத்துன?"

"நல்லதுதானம்மா. கிருமியெல்லாம் செத்துடும்."

"இதுவும் கிருமிதாங்கா!"

சின்னப்பொண்ணு சொம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். வேறு ஈஸ்ட் கையில் இல்லை. அனிட்டா பேரலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

நான் அடுப்பையே பார்த்தேன். நேற்றைய சாம்பலில் நாய் சுருண்டு தூங்கியது. இந்த அடுப்பு ஆறி, அதில் நாய் படுத்து நான் பார்த்ததே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, வேகாத மாவைத் தின்று, என் பாரத்தையும் சேர்த்துத் தூக்குவதா? அந்த எண்ணமே கைகூப்பச் சொன்னது.

வெயில் இறங்கும்போது முதலாளி வண்டிச் சத்தம் கேட்டது. அனிட்டா எழவில்லை. நான் போய்ப் பேரலில் காது வைத்தேன். முதலில் என் மூச்சின் இரைச்சல்தான். அதை அடக்கினேன். வரப்பு வளைக்குள் நண்டு நுரை விடுவதுபோல், உள்ளே மெல்ல ஒரு சலசலப்பு.

"அம்மாடி, வாயேன்" என்றேன்.

மூடியைத் தூக்கினாள். மாவுத் தண்ணீரின் நடுவே ஒரு நுரைக்குமிழ் உப்பி நின்றது, லேசான மஞ்சள் நிறத்தில். பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பிக்கொண்டிருந்தது.