இருபது சென்டிமீட்டர்

"அப்போ தாண்டும்போது அடிபடாத நல்ல காலை வேணும்னே அடக்கி வாசிச்சிருக்கே?"

"கொஞ்சம்தான் அக்கா."

"கொஞ்சம்னா?"

"இருபது சென்டிமீட்டர்."

பிசியோதெரபிஸ்ட் அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கட்டிலில், இரண்டு தலையணைகளின் மேல், அந்தப் பெண்ணின் இடது முழங்கால் வீங்கிக் கிடந்தது. கைப்பந்து அணியில் அவளைத் தவளை என்பார்கள். வலைக்கு மேலே எகிறினால் ஒரு கணம் அங்கேயே தங்கிவிடுவாள் போலிருக்கும்.

பத்து மாதங்களுக்கு முன் அதே முழங்காலில் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை நடந்தது. மறுபடி ஆட அனுமதிக்கும் முன் ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லி அளப்பார்கள். நல்ல கால் தாண்டும் தூரத்தில் பத்துக்கு ஒன்பது பங்காவது அடிபட்ட கால் தாண்ட வேண்டும். இடது கால் நூற்றுப்பத்து சென்டிமீட்டர் தாண்டியது. நூற்று நாற்பது தாண்டக்கூடிய வலது கால், அன்றைக்கு நூற்றிருபதோடு நின்றுகொண்டது. கணக்கு சரியாக வந்தது.

"நாடாவைப் பிடிச்சது நானு. கையெழுத்துப் போட்டதும் நானு. அடிபட்ட காலையே முறைச்சுப் பார்த்துட்டு இருந்தேன். நல்ல கால் பொய் சொல்லும்னு யாருடி நினைப்பா?"

"இந்த வருஷம் விட்டா வயசு தாண்டிடும் அக்கா. ஜூனியர் அணித் தேர்வுல ஒரு தடவை ஆடிட்டா போதும்னு..."

தேர்வு நேற்று. மூன்றாவது பந்துக்கே எகிறினாள். இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தது. பெண்களுக்கு இப்படி அறுவது அதிகம் என்று டாக்டர் முதல் தடவையே எச்சரித்திருந்தார். இன்று காலை ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "நடக்க வெச்சிடலாம். குதிக்கிறதை மறந்துடும்மா" என்று மட்டும் சொன்னார். அப்போது அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். ஓசையில்லாமல் கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள்.

"அட, நீங்களா! நல்லவேளை வந்தீங்க. பாருங்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதுட்டு இருக்கா. போன தடவையும் இப்படித்தான், ஊரையே கூட்டினா. அப்புறம் எழுந்து ஓடலையா?" மருந்துப் பையை மேசையில் வைத்துவிட்டு, அம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஒரே ஒரு உதவி பண்ணுங்கம்மா. கோச் சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி, இவ இடத்தை வேற யாருக்கும் கொடுக்காம வெச்சிருக்கச் சொல்லுங்களேன்."