ஒரு இஞ்ச் தாராளம்

கூரையின் ஓரப் பலகைக்கு அவன் மூன்று முறை பெயின்ட் அடித்திருந்தான். நான்காம் முறை ஏணியில் ஏறி பிரஷ்ஷை வைத்து அழுத்தியபோது பிரஷ் பலகைக்குள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததில் ஈரத் தவிடு மாதிரி ஏதோ கையோடு வந்தது. மரம் என்று அங்கே எதுவும் மிச்சமில்லை. பெயின்ட் மட்டும் பழக்க தோஷத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆபீசில் தன்னைப் பற்றி, ‘பரவாயில்லை, நல்லாத் தேறிட்டார்’ என்று பேசிக்கொள்வது அந்த நேரம் பார்த்து ஏன் ஞாபகத்துக்கு வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை.

வீடு பழசு. ஓட்டுக் கூரை. ஓட்டைத் தாங்கும் சட்டங்களின் நுனிகளை மூடி, வீட்டைச் சுற்றிவர அடித்திருக்கும் பலகை அது. அது போனால் தண்ணீர் சட்டத்துக்கு இறங்கும், சட்டத்திலிருந்து சுவருக்கு இறங்கும். இறங்கியும்விட்டது. பின்பக்கத்துச் சின்ன அறையின் மூலையில், யாரோ கால் நீட்டி உட்கார்ந்திருப்பது போல ஈரம் படிந்திருந்தது. அந்த அறை அவன் மகளுடையது. மகள்தான் அதில் இல்லை.

மகளுக்கு ஐந்து வயது. எல்லோருக்கும் அவள் ‘வண்டு’. மனைவி இறந்த வாரம், கொஞ்ச நாளைக்கு எங்களிடம் இருக்கட்டும் என்று மாமியார் அவளைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு. அந்தக் கொஞ்ச நாள் ஒரு மழைக்காலத்தைத் தாண்டி அடுத்ததை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆபீஸ் விட்டதும் நேராக அங்கே போவான். போட்டதைச் சாப்பிடுவான். வண்டுவின் தலையைத் தடவுவான். விருந்தாளி மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவான். பெண்ணை நான் அழைத்துப் போகிறேன் என்று சொல்ல தினமும் வாயெடுப்பான். அது வெளியே வரும்போது, ‘கொஞ்சம் தண்ணி குடுங்க அத்தை’ என்று மாறியிருக்கும். அவன் குடித்த தண்ணீருக்கு ஒரு கிணறு வற்றியிருக்க வேண்டும். பெற்ற பெண்ணைப் பறிகொடுத்தவர்களிடம் போய், பேத்தியையும் கொடுங்கள் என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது?

ஒரு நாள் பேச்சுவாக்கில் மாமியார், அந்தச் சின்ன அறை ஈரம் பிள்ளைகளுக்கு ஆகாது என்றார். அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஓரப் பலகையை மாற்றிவிட்டால் ஈரம் போகும், ஈரம் போனால் வண்டுவை அவர்களே அனுப்பிவிடுவார்கள். அப்படி யாரும் நிபந்தனை போடவில்லை. அவனே போட்டு, அவனே சம்மதித்து, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று கெடுவும் அவனே வைத்துக்கொண்டான்.

தச்சரைக் கூப்பிட்டான். அவர் அண்ணாந்து பார்த்து, கழுத்து வலித்ததும் பார்ப்பதை நிறுத்தி, மழை முடியட்டும் என்றார். மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்றான். அதனால்தான் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

விஷயம் மாமனார் காதுக்குப் போனது. நான் வருகிறேன் என்று கிளம்பி வந்தார். அவர் தையல்காரர். கடையை மூடிச் சில வருடங்கள் ஆகியும் இஞ்ச் டேப் கழுத்தை விட்டு இறங்கியதில்லை. குளிக்கும்போது மட்டும் கழற்றுவார் என்பது மாமியார் கொடுக்கும் தகவல். மருமகன் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்து அதற்குச் சம்பளம் வாங்குகிறவன். ஒரு தையல்காரரும் ஒரு தணிக்கைக்காரனும் சேர்ந்து தச்சு வேலை செய்யப்போவதைக் கேள்விப்பட்டு எதிர்வீட்டுக்காரர் நாற்காலியை வாசலுக்கு எடுத்துவந்து போட்டுக்கொண்டார்.

பழைய பலகையைக் கழற்றுவது சுலபமாக முடிந்தது. ஆணிகளைப் பிடுங்க வேண்டியே இருக்கவில்லை. தொட்டால் போதும், விட்டால் போதும் என்று கையில் வந்தன. நல்லவேளையாகச் சட்டங்களின் நுனிகள் கெட்டியாக இருந்தன. அடுத்தது அளவு. மாமனார் மேலே ஏறி அளந்து சொல்வது, அவன் கீழே குறித்து அறுப்பது என்று பிரித்துக்கொண்டார்கள். வயதில் மூத்தவரை ஏணியில் ஏற்றிவிட்டு இளையவன் தரையில் நிற்பது பார்க்க நன்றாக இல்லைதான். ஆனால் மூன்றாம் படியைத் தாண்டினால் அவன் முழங்கால்கள் தனியாக ஒரு பேச்சுவார்த்தை ஆரம்பித்துவிடும். முன்னால் மூன்று முறை பெயின்ட் அடித்ததுகூடப் பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான். பெயின்ட்டைப் பார்த்தால் தெரியும்.

மாமனார் முதல் அளவைச் சத்தமாகச் சொன்னார். அவன் இரண்டு தடவை சரிபார்த்து அறுத்தான். தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். பலகை வீட்டு மூலையைத் தாண்டி ஒரு இஞ்ச் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாமனார் வானத்தைப் பார்த்தார். அவன் ரம்பத்தைப் பார்த்தான். கொஞ்சம் சீவிவிட்டால் போச்சு என்று மாமனார் பொதுவாகச் சொல்ல, அவன் சீவினான்.

சீவும்போதே அவனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தையலுக்கு விட்டிருக்கிறார். மனிதர் தன் வாழ்நாளில் யாருடைய உடம்பையும் உள்ளபடி அளந்து சொன்னதில்லை. தையலுக்குக் கொஞ்சம், துவைத்தால் சுருங்கும் என்று கொஞ்சம், பிள்ளைகள் என்றால் வளரும் என்று இன்னும் கொஞ்சம். வண்டுவின் கவுன்களில் எல்லாம் உள்மடிப்பு மட்டும் இன்னொரு கவுன் அளவுக்கு இருக்கும். கண் அளப்பதற்குள் வாய் கூட்டிச் சொல்லிவிடுகிறது. பலகை வளராது மாமா என்று சொல்லலாம். ஆனால் ஒரே பெண்ணைப் பறிகொடுத்துவிட்டு நிற்கும் மனிதரிடம், உங்கள் அளவு தப்பு என்று எப்படிச் சொல்வது? அதுவும் அவருடைய மாப்பிள்ளை? சத்தம் போடாமல் அடுத்த பலகையிலிருந்து அவர் சொன்னதில் ஒரு இஞ்சைக் கழித்துக் குறித்துக்கொண்டான். தன் பெருந்தன்மை தனக்கே பிடித்திருந்தது. மனம் கோணாமல் தப்பைத் திருத்துகிற ஆள் என்று ஆபீசில் பெயர் வாங்காததன் குறையை அன்று வீட்டில் தீர்த்துக்கொண்டான்.

சாயங்காலத்துக்குள் எல்லாப் பலகையும் அறுத்தாயிற்று. முன்னும் பின்னும் வெட்டுவாயிலும் பிரைமர் பூசிச் சுவரில் சாய்த்துவைத்தார்கள். காயட்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடித்துவிடலாம் என்று மாமனார் கிளம்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பலகை கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டாவது பலகை, சட்டத்தின் நுனியில் முதல் பலகையோடு சேர வேண்டியது, சேரவில்லை. நடுவில் ஒரு இஞ்ச் சந்து. மூன்றாவதிலும் ஒரு இஞ்ச். நான்காவதைப் பிடித்துப் பார்க்கும் முன்பே இருவருக்கும் தெரிந்திருந்தது; இருந்தாலும் பிடித்துப் பார்த்தார்கள்.

மாமனார் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“டேப் இழுபட்டிருக்கும் மாப்பிள்ளை. பழசு.”

“இல்ல மாமா, டேப் மேல தப்பில்ல. ரம்பம் கொஞ்சம் தின்னும்.”

“ஒரு இஞ்சா தின்னும்?”

“பசியில இருந்திருக்கும்.”

மனைவி போன பிறகு அவன் சொன்ன முதல் ஜோக் அது. சிரிக்க வேண்டியவர் சிரிக்காமல், குற்றம் செய்தவர் போல ஏணிக் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க அவனுக்கு என்னவோ போலிருந்தது. கழித்தது நான்தான் என்று சொல்லிவிட்டால் அவர் முகம் தெளியும். சொன்னால், முதலில் நீங்கள் கூட்டினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். ஆகவே அவனும் ஏணியின் மற்றக் காலைத் துடைத்தான்.

அப்படித் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் மாமியார் ஒரு கையில் சாப்பாட்டுக் கேரியரும் மறு கையில் வண்டுவுமாக வந்து சேர்ந்தார். வண்டு நேராகப் போய்ப் பழைய பலகைக் குவியலில் உட்கார்ந்து பெயின்ட்டைத் தோல் உரிப்பது போல உரிக்க ஆரம்பித்தாள். மாமியார் அண்ணாந்து வரிசையைப் பார்த்தார். தையல்காரரோடு குடும்பம் நடத்தியவர். ஒரு தப்பு ஒரே அளவில் திரும்பத் திரும்ப வந்தால் அது கைத்தவறு இல்லை, யாரோ யோசித்துச் செய்தது என்று அவருக்குத் தெரியும்.

“நீங்க எவ்வளவு சேத்துச் சொன்னீங்க?” என்று கணவரைக் கேட்டார்.

“ஒண்ணும் சேக்கலையே. மொதப் பலகை நீண்டுபோச்சு. பழக்கத்துல சேத்துட்டேன்னு அப்பவே தெரிஞ்சுது. அதுக்கப்புறம் உள்ளத உள்ளபடிதான் சொன்னேன்.”

“அத இவர்கிட்ட சொன்னீங்களா?”

“மாப்பிள்ளைகிட்ட போய் நான் தப்பா அளந்துட்டேன்னா சொல்றது?”

மாமியார் அவன் பக்கம் திரும்பினார். தணிக்கையில் மாட்டுகிறவர்கள் ஏன் அப்படி எச்சில் விழுங்குகிறார்கள் என்று அவனுக்கு அன்று விளங்கியது.

“ஒவ்வொண்ணுலயும் ஒரு இஞ்ச் கழிச்சுக்கிட்டேன் அத்தை.”

“அவர்கிட்ட கேட்டீங்களா?”

“மாமாவுக்குச் சங்கடமா இருக்கும்னு…”

மாமியார் கேரியரைக் கீழே வைத்தார். இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சத்தமில்லாமல், அப்புறம் எதிர்வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து பார்க்கும் அளவுக்கு. சிரிப்பு பாதியில் வேறு பக்கம் திரும்பப் பார்த்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இந்த மரியாதைய வச்சு ஒரு ஆணி அடிக்க முடியுமா?”

அவன் கையில் நான்காவது பலகை இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. இப்போது விட்டால் மறுபடி தண்ணீர்தான் கேட்போம் என்று மட்டும் தெரிந்தது.

“அத்தை, வண்டு இனிமே இங்க இருக்கட்டுமா?”

மாமனார் டேப்பைச் சுருட்டுவதை நிறுத்தினார். மாமியார் கவிழ்த்துவைத்திருந்த பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தார்.

“இதக் கேக்க இவ்வளவு நாளா?” என்றார். குரலில் கோபம் இருந்தது. அவன் ஆபீஸ் போகிறவன், சின்ன வயசு, நாளைக்கே இன்னொரு கல்யாணம் என்று பேச்சு வரலாம். பிள்ளையை அவன் தலையில் கட்டிவிட்டதாக ஆகிவிடக் கூடாது என்றுதான் தாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். “தெனமும் வர்றீங்க, அவ தலையத் தடவுறீங்க, தண்ணி குடிக்கிறீங்க, போயிடுறீங்க. உங்களுக்கு வேண்டாம்போலன்னு நெனச்சுக்கிட்டோம்.”

வேண்டாம்போல. பலகை கனத்தது. அவன் நிறைய சொல்ல நினைத்தான். படித்த படிப்புக்கு நாலு வாக்கியமாவது வந்திருக்க வேண்டும்.

“வேணும் அத்தை” என்றான்.

அவர் தலையசைத்தார். சரி என்றும் இருந்தது, இவ்வளவுதானா என்றும் இருந்தது. பிறகு வண்டுவைக் கூப்பிட்டு, அப்பாவிடம் இருக்கிறாயா என்று கேட்டார். எத்தனை நாளைக்கு என்று வண்டு விசாரித்தாள். எப்பவும் என்றதும் யோசித்தாள். அப்படியானால் தாத்தாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவளுடைய கவலை. தாத்தா தினமும் சாயங்காலம் வந்து தலையைத் தடவிவிட்டுப் போவார் என்றார் மாமியார். மாமனார் அவசரமாக ஏணியில் ஏறினார்.

சந்துகளுக்கு வழி சொன்னதும் அவர்தான். கிழிந்த சட்டைக்கு உள்பக்கம் ஒட்டு வைக்கிற மாதிரி, ஒவ்வொரு சந்துக்கும் பின்னால் சட்டத்தின் நுனியோடு சேர்த்து அகலமாக ஒரு கட்டை கொடுத்து, இரண்டு பலகையையும் அதில் அடித்து, இடைவெளியை மரத்துண்டு வைத்து மூடலாம் என்றார். இந்த முறை அவர் அளவு சொன்னால் அவன் திருப்பிச் சொன்னான். சேத்தா சேக்காமலா என்று கேட்டான். சேக்காம என்று அவர் கத்தினார். வெட்கமில்லாமல் வேலை நடந்தது. சாயங்காலம் தெருவிலிருந்து பார்க்கும்போது வீடு ஒட்டுப் போட்ட சட்டை போட்டுக்கொண்டு நின்றது. ஆனால் சட்டம் மூடியிருந்தது. இனி எந்த மழைக்கும் அது நனையாது. எதிர்வீட்டுக்காரர் நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

மாமியார் காலிக் கேரியரை எடுத்துக்கொண்டார். வண்டுவின் தலையை முகர்ந்தார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மாமனார் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அவர் பின்னால் போனார்.

வண்டு வீட்டுக்குள் போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு வந்தாள். தான் எங்கே தூங்க வேண்டும் என்று கேட்டாள். அவன் சின்ன அறையைக் காட்டினான். அங்கே நான்கு சுவரும், காய ஆரம்பித்த ஒரு மூலையும் இருந்தன. தலைக்கு மேலே கூரையின் ஓரம் வரைக்கும் யோசித்தவன் தலைக்குக் கீழே என்ன வைப்பது என்று யோசிக்கவில்லை. வீட்டில் மொத்தம் இருந்தது அவனுடைய தலையணை ஒன்றுதான். அதன் மேலும் பிரைமர் சிந்தியிருந்தது.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் ஓடினான். அவர்கள் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

“மாமா, அவளுக்குத் தலகாணி வேணும்.”

மாமனார் நின்றார். “பெருசா, சின்னதா?”

வழக்கமாக அவன் ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருப்பான்.

“எனக்குத் தெரியாது மாமா. அவ எதுல தூங்குவான்னே தெரியாது. எப்பிடித் தூங்க வைக்கிறதுன்னும் தெரியாது. நீங்கதான் சொல்லணும்.”

மாமியார் கேரியரைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, திரும்பி அவனை நோக்கி நடந்து வந்தபடியே சொல்ல ஆரம்பித்தார்.