பதினான்கு பேருக்கும் நானே படித்தேன்

எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒரு முறை எல்லோரும் நேர்மை படிக்க வேண்டும். தானாக யாரும் படிக்க மாட்டார்கள் என்பதால் அதற்கென்று ஒரு ஆன்லைன் பாடம் வைத்திருக்கிறார்கள். ஒன்பது பகுதி, ஒரு மணி நேர வீடியோ, கடைசியில் இருபது கேள்வி. அக்டோபருக்குள் முடிக்காதவர் பெயர் பட்டியலில் சிவப்பாக வரும். ஒரு டீமில் ஒரே ஒரு சிவப்பு இருந்தாலும் அந்த மேனேஜர் மேலிடத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்தத் தெலுங்கு ஊரில், கச்சிபௌலியில், எங்கள் கட்டடத்தின் ஆறாவது மாடியில் அப்படிப் பதில் சொல்ல வேண்டியவன் நான். பெயர் சம்பந்தம், வயது நாற்பத்தொன்று, சொந்த ஊர் அருப்புக்கோட்டை.

என் டீமில் என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர். அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றுக்காக, நோயாளிகளின் விவரங்களை வைத்துக்கொள்ளும் மென்பொருள் செய்கிறோம். அக்டோபரில்தான் எங்களுக்கு வேலை கழுத்தை நெரிக்கும். அதனால் இங்கே பல மேனேஜர்கள் சத்தமில்லாமல் செய்வதை நானும் செய்தேன். எல்லோரிடமும் பாஸ்வேர்டு வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் ஆபீஸுக்குப் போனேன். ஒலியை நிறுத்திவிட்டு, ஒருவர் பாடம் ஓடும்போதே அடுத்தவர் பாடத்தைத் திறந்தேன். கேள்விகளுக்கு முதல் இரண்டு தடவைதான் யோசித்தேன். அப்புறம் கை தானாகப் போனது. கடைசிப் பக்கத்தில், 'இந்தப் பாடத்தை நானே முழுமையாகப் பார்த்தேன்' என்று ஒரு கட்டம் வரும். அதில் பதினான்கு டிக் போட்டேன். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது நாலாம் பகுதி. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். நான் இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்தேன்.

பட்டியல் முழுக்கப் பச்சை. பாராட்டி மேலிடத்திலிருந்து மெயில் வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

பிப்ரவரியில் எமி மாட்டிக்கொண்டாள்.

எமி டெஸ்டிங் பார்ப்பவள். முப்பத்திரண்டு வயது. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், இப்போது வீடு ஹப்சிகுடாவில். தமிழில் ஆரம்பித்து, உருதுவில் திரும்பி, இங்கிலீஷில் முடிப்பாள். ஒரு வேலையைச் சொல்லி அவள் தன் உருதுவில் "ஹவ் சார்", அதாவது சரி சார், என்று தலையாட்டிவிட்டால் நான் அதை மறந்துவிடலாம். அந்த வெள்ளிக்கிழமை அவளுடைய லேப்டாப் செத்துப்போனது. திங்கள் காலை ரிப்போர்ட் என் கையில் இருக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். எப்படியாவது என்றும் சொல்லியிருந்தேன். அவள் பக்கத்து சீட் கம்ப்யூட்டரிலிருந்து, இருநூறு நோயாளிகள் அடங்கிய கோப்பைத் தன் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொண்டாள். வீட்டில் உட்கார்ந்து வேலையை முடித்து, ஞாயிறு காலை சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முன்பே ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டாள். நான் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று போட்டேன்.

திங்கள் மதியம் பாதுகாப்புப் பிரிவு அந்த மெயிலைக் கண்டுபிடித்தது. கோப்பில் இருந்தவை நிஜப் பெயர்கள், நிஜ நோய்கள்.

புதன்கிழமை விசாரணை. நடத்தியவர் நெறிமுறைக் குழுவின் காஞ்சனா, சென்னைக்காரர். அறையில் இருந்தது அவர், எமி, எமியின் மேனேஜராக நான். மூவரும் தமிழர் என்பதால் பேச்சு தமிழிலேயே நடந்தது.

"இப்படி அனுப்பறது தப்புன்னு உங்களுக்குத் தெரியாதா எமி?"

"தெரியாது மேடம். ஆபீஸ் வேலைதான, என் மெயிலுக்குத்தான அனுப்பறேன்னு நெனச்சேன். வேற யாருக்கும் குடுக்கல."

காஞ்சனா தன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். "பதினாறாவது கேள்வி, ஏழாம் பகுதிப் பாடத்துலேர்ந்து. வேலையை வீட்ல முடிக்கறதுக்காக வாடிக்கையாளர் கோப்பைச் சொந்த மெயிலுக்கு அனுப்பலாமா? கூடாதுன்னு கரெக்டா பதில் போட்டிருக்கீங்க. நூத்துக்கு நூறு. அப்புறம் எப்படித் தெரியாதுன்னு சொல்றீங்க?"

அந்தக் 'கூடாது' நான் போட்டது.

எமி திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் வந்து நிற்கும்போது, கூட வந்தவரை நீங்க சொல்லுங்க என்று பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

"சார்கிட்ட கேளுங்க மேடம்," என்றாள். "சார் சொல்லுவாரு."

காஞ்சனா என் பக்கம் திரும்பினார். "சம்பந்தம், உங்க டீம்ல அவங்கவங்க கோர்ஸை அவங்கவங்களேதான முடிச்சாங்க?"

தெரியாமல் செய்திருந்தால் எச்சரிக்கைக் கடிதத்தோடு போகும். தெரிந்தே செய்திருந்தால் வேலை போய்விடும். நேர்மைக் குறைவு என்று எழுதி அனுப்பினால் வேறு எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது. நான் ஒரு வாக்கியம் சொன்னால் எமியின் வேலை தப்பும், என் வேலை போகும். கணக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயம்கூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, உள்ளே எல்லாம் அப்படி மரத்துக் கிடந்தது.

"சிஸ்டத்துல என்ன இருக்கோ அதான் மேடம்," என்றேன்.

பொய் என்று அதை யாரும் சொல்ல முடியாது. அவ்வளவு பக்குவமான பதில் அவ்வளவு சீக்கிரம் வாயில் வருவதற்குத்தான் பத்து வருடம் மேனேஜராக இருந்திருக்கிறேன் போலும். எமி தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் என்னைப் பார்க்கவே இல்லை.

அன்று வீட்டில் என் மனைவி பாமா கொத்தமல்லித் துவையல் அரைத்திருந்தாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டாடி, ஏமைந்தி?" என்று தெலுங்கில் கேட்டாள். ஒண்ணும் ஆகலைடா என்றேன். நன்றாகத் தூங்கினேன். இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை எமி வரவில்லை. டீமில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மதியம் சாப்பாட்டு ஹாலில் என் மேஜையில் எதிர் நாற்காலியும் பக்கத்து நாற்காலியும் காலியாகவே இருந்தன. யார் வந்தாலும் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்.

வெள்ளிக்கிழமை மதியம், நடந்ததை நாலு வரியில் எழுதி அச்செடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காஞ்சனாவின் அறைக்குப் போனேன். வீரம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்னொரு நாள் அந்த ஹாலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

உள்ளே எமி இருந்தாள். அவள் முன்னால் ஒரு காகிதம், கையில் பேனா.

"நல்லதாப் போச்சு, உங்களைக் கூப்பிடலாம்னு இருந்தேன்," என்றார் காஞ்சனா. "சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும்."

காகிதத்தை என் பக்கம் தள்ளினார். பாடத்தை முழுமையாகப் படித்தேன், விதி எனக்குத் தெரியும், தெரிந்தே மீறினேன், நானாக வேலையை விட்டு விலகுகிறேன் என்று இருந்தது. கீழே எமியின் கையெழுத்து. இதை எழுதிக் கொடுத்தால் சாதாரண ராஜினாமாவாக எடுத்துக்கொண்டு, கரும்புள்ளி இல்லாத கடிதம் தருவார்களாம். இல்லாவிட்டால் பணிநீக்கம். நெறிமுறைக் குழு ஒரு பொய்யை எழுதி வாங்கியிருந்தது. பாவம், காஞ்சனாவுக்கு அது பொய் என்று தெரியாது. தெரிந்த இரண்டு பேரும் அவர் முன்னால் இருந்தோம்.

"மேடம், இதுல ஒரு விஷயம் சொல்லணும்," என்று ஆரம்பித்தேன்.

"நக்கோ சார், வேணாம்," என்றாள் எமி. அவள் குரல் உயரவில்லை. "கையெழுத்து போடுங்க சார். ப்ளீஸ்."

"என்ன விஷயம் சம்பந்தம்?" என்று காஞ்சனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

எமி வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள்.

"ஒண்ணுமில்ல மேடம்," என்றேன். சாட்சி என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கீழே செக்யூரிட்டியிடம் அவள் அடையாள அட்டையைக் கொடுத்தாள். அவர் அவளுடைய பையைத் திறந்து பார்த்தார். டப்பா, குடை, ஒரு சின்ன பைபிள். நானும் கூடவே வெளி கேட் வரை போனேன். கம்பெனி பஸ்ஸில் இனி ஏற முடியாது என்பதால் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு நின்றாள்.

"சொல்லத்தான் வந்தேன் எமி. எழுதியே கொண்டுவந்தேன்." சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"புதன்கிழமை சொல்லியிருக்கணும் சார். அன்னிக்கு நான் வாயத் தொறக்காம இருந்தது கைக்கு சார், எதுக்கு? நீங்களே சொல்லுவீங்கன்னுதான்."

காகிதத்தைத் திரும்ப மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"இப்ப சொன்னீங்கன்னா, தெரிஞ்சே செஞ்சேன்னு நான் எழுதிக் குடுத்தது பொய்யாயிடும். பாஸ்வேர்டு குடுத்ததும் பொய் எழுதிக் குடுத்ததும் சேர்ந்து, அந்த லெட்டர வாபஸ் வாங்கிட்டு டிஸ்மிஸ் பண்ணிடுவாங்க. எனக்கு வேற எடத்துல வேலை வேணும் சார். இனிமே இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. ப்ராமிஸ் பண்ணுங்க."

"சரிம்மா," என்றேன்.

ஆட்டோ வந்தது. ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, டிரைவரிடம் தெலுங்கில் வழி சொல்ல ஆரம்பித்தாள். வண்டி மேம்பாலத்துப் பக்கம் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இனி நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை, அவளே வேண்டாம் என்றுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாளில் முதல் தடவையாக எனக்கு மூச்சு நன்றாக வந்தது. வேலையை இழந்து அவள் ஆட்டோ ஏறிய அதே இடத்தில் நின்றுகொண்டு, நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.