ஒரு பக்கக் கப்பல்

கப்பலுக்கு ஒரு பக்கந்தான் இருந்தது. ரோமாபுரிக்குத் தெற்கே, தைபர் ஆற்றோரத்துப் படப்பிடிப்புத் திடலில், பாய்மரமும் பீரங்கி வாய்களும் பொன் முலாம் பூசிய சிற்பங்களுமாக அந்தப் பக்கம் நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனால் முட்டுக்கட்டைகளும் ஆணி துருத்திய பலகைகளும் கிடக்கும். மறுபக்கத்தைக் கட்டுவதற்குத் தயாரிப்பாளரிடம் பணமில்லை. அதைக் காட்டியே தீரவேண்டிய காட்சிகளுக்கு இயக்குநர் வல்தோனி ஒரு வழி வைத்திருந்தார். இருக்கிற பக்கத்தையே மறுபடியும் எடுத்து, படச்சுருளைப் புரட்டிப்போட்டு அச்சிட்டுவிடுவார். திரையில் இடம் வலமாகும், வலம் இடமாகும், கப்பலுக்கு மறுபக்கம் முளைத்துவிடும்.

அத்தகைய நாள்களுக்குப் புரட்டு நாள் என்று பெயர். புரட்டு நாளில் வாளுறை இடுப்பின் வலப்புறம் தொங்கும்; எல்லாரும் இடக்கையால் சண்டையிடுவார்கள்; சட்டைப் பொத்தான்கள் பக்கம் மாறும். கதைப்படி வலக்கண் இழந்த கொள்ளைக்காரத் தலைவன், கண்மறைப்பை இடக்கண்ணில் கட்டிக்கொள்வான்.

அந்தத் தலைவனாக நடித்தவர் எவாரிஸ்தோ தொம்போலினி. வயது ஐம்பத்து நான்கு. முப்பது ஆண்டுகளில் எழுபது படங்களில் செத்திருக்கிறார். படிக்கட்டில் உருண்டும், கயிற்றில் தொங்கியும், முதலைகள் இல்லாத அகழியில் முதலைகளுக்கு இரையாகியும் செத்திருக்கிறார். வாளைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது.

ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பு, தீவட்டிச் சண்டை ஒன்றில் பொறி தெறித்து அவருடைய வலக்கண் அவிந்துபோயிற்று. விழி பார்வைக்குப் பழுதின்றியே இருந்தது. அதனால் வெளியில் எவருக்கும் தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒற்றைக்கண்ணன் கையில் வாளைக் கொடுக்கக் காப்பீட்டு நிறுவனம் சம்மதிக்காது. சம்மதிக்காவிட்டால் மறுநாளே அவர் தெருவில் நிற்கவேண்டியதுதான். காப்பீட்டு மருத்துவர் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையை எவாரிஸ்தோ முதலில் இடக்கண்ணால் படித்தார். படிக்கும்போதே மனப்பாடம் செய்துகொண்டார். இடக்கண்ணைப் பொத்தியதும் அதே வரிசையை ஒரு பிழையின்றி ஒப்பித்தார். மருத்துவர் கையெழுத்திட்டார்.

ஆகவே, வலக்கண்ணை மறைத்த கொள்ளைக்காரன் வேடம் தமக்கு வந்தபோது, முப்பது ஆண்டுகளாகத் தம்மை வஞ்சித்து வந்த இத்தொழில் முதன்முறையாகத் தமக்கு ஒரு நன்மை செய்திருப்பதாக எவாரிஸ்தோ எண்ணினார். இருக்கிற குறையையே வேடமாக அணிந்து உலவலாம். இதைவிடப் பாதுகாப்பான ஒளிவிடம் எது?

வியாழக்கிழமை காலையில் வல்தோனி ஒலிபெருக்கிக் குழலை வாயில் வைத்து, "நாளைக்குப் புரட்டு நாள்!" என்று கத்தினார். எவாரிஸ்தோ கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

இடக்கையால் சண்டையிடுவது அவருக்கு ஒரு பொருட்டன்று. கண்தான் பொருட்டு. இருக்கிற ஒரே கண்ணையும் நாளைக்கு மூடிக் கட்டிவிடுவார்கள்.

உடை அறையில் தையற்காரி ஸாயிரா தனியே இருந்த நேரம் பார்த்துப் போனார்.

"ஸாயிரா, இந்தக் கண்ணுத் துணியில ஊசியால கொஞ்சம் குத்தித் தாயேன். காத்து வரட்டும். வேர்க்குது."

அவள் துணியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அவருடைய வலக்கண் முன்னால் சட்டென்று கையை ஆட்டினாள். இமை அசையவில்லை.

"எத்தனை பொத்தல் வேணும்ணே?" என்றாள்.

"முப்பது."

"நாப்பது போடறேன். என் புருஷனும் இப்படித்தான், காது கேக்கலைங்கறதை ஆறு வருஷம் மறைச்சான். ரயில்வேக்காரன். நல்லவேளை, ரயில்ல அடிபட்டுச் சாகலை, குடிச்சுச் செத்தான்."

வெள்ளிக்கிழமைச் சண்டைக்கு இருபத்திரண்டு வீச்சுகள். அவற்றை வகுத்துக் கொடுத்தவர் வாள் மாஸ்டர் காஸ்பரே; எவாரிஸ்தோவுடன் ஒரே கொட்டகையில் வாள் பழகியவர். இத்தகைய படங்களில் படப்பிடிப்பின்போது ஒலிப்பதிவு கிடையாது. குரல்களைப் பிறகு வேறு ஆள்களை வைத்துச் சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே காஸ்பரே கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வீச்சுகளை உரக்க எண்ணுவது வழக்கம். நாற்பது பொத்தல்களின் வழியே எவாரிஸ்தோவுக்குக் கதாநாயகன் ஒரு சாம்பல் நிழலாகத் தெரிந்தான். அதுவே போதுமானதாயிற்று. இருபத்திரண்டும் பிசகின்றி முடிந்தபோது தச்சர்கள்கூடக் கைதட்டினார்கள்.

கதாநாயகன் பெயர் லோரிஸ். கடற்கரையில் நீச்சல் காவலனாக இருந்தவனைத் தோள் அகலம் பார்த்துப் பிடித்துவந்து, சுவரொட்டிக்காக அமெரிக்கப் பெயர் ஒன்றும் சூட்டியிருந்தார்கள். கதைப்படி அவனுடைய இடக்கன்னத்தில் ஒரு தழும்பு. புரட்டு நாளில் அதை வலக்கன்னத்தில் வரையவேண்டும். வரைய வந்தவனை அவன் துரத்திவிட்டான்.

"என் இடது பக்கந்தான்யா அழகு. தழும்பு அங்கதான் எடுப்பா இருக்கு. போ, போ."

இதை யாரும் இயக்குநரிடம் சொல்லவில்லை. மறுநாள் அச்சுப் போட்டுப் பார்த்தபோது, கப்பல் சரியாக இருந்தது. கண்மறைப்பு சரியாக இருந்தது. தழும்பு மட்டும் கதாநாயகனின் கன்னம் மாறிக் குடியேறியிருந்தது. தவற்றுக்கு உரியவன் திராட்சை தின்றுகொண்டிருந்தான். தண்டனை அவனுக்கு வரவில்லை. சண்டையைத் திங்கட்கிழமை மறுபடியும் எடுக்கவேண்டும் என்றார்கள். ஒளிப்பதிவாளன் வேறொன்றையும் கவனித்திருந்தான்.

"அந்தக் கண்ணுத் துணி சல்லடை மாதிரி இருக்கு. வெளிச்சம் தெரியுது. இந்தத் தடவை கிட்டத்துல எடுக்கறோம். தோல்ல ஒண்ணு பண்ணுங்க."

தோலில் செய்தார்கள். நல்ல தடித்த மாட்டுத்தோல்.

திங்கட்கிழமை அதைக் கட்டியவுடன் எவாரிஸ்தோவுக்கு உலகம் அணைந்தது. காஸ்பரே அருகில் வந்து அவருடைய தோளைத் தொட்டார்.

"என்னப்பா, தடுமாறி நிக்கறே? ஒழுங்காத் தெரியுதுல்ல?"

"எனக்கென்ன, நல்லாத் தெரியுது. நீ சத்தமா மட்டும் எண்ணு."

காஸ்பரே கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பிறகு எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. காலடி ஓசையையும் இரும்பின் ஓசையையும் பற்றிக்கொண்டு எவாரிஸ்தோ இருட்டில் நடந்தார். மனப்பாடம் அவரைக் கைவிடவில்லை. பதினாறுவரை வாள் போகவேண்டிய இடத்திற்கே போயிற்று. பதினேழில் லோரிஸ் இடப்புறம் விலகவேண்டும். வலக்கன்னத்தில் தழும்பு வரையச் சம்மதிக்க நேர்ந்த ஆத்திரத்தில், அவன் விலகாமல், தன் அழகான பக்கத்தைக் கேமராவுக்குத் திருப்பினான்.

எவாரிஸ்தோவின் வாள் நுனி, வரைந்திருந்த தழும்பின்மேல் கோடு பிசகாமல் இறங்கிற்று.

லோரிஸ் அலறினான். ஒலிப்பதிவு இல்லாத இடமாதலால் கத்துவது அங்கே வழக்கம்; நடிப்பென்றே எண்ணி மேலும் ஐந்து விநாடி படம் பிடித்தார்கள்.

விலகவேண்டிய இடத்தில் அவன் விலகாததைத் திடலில் இருந்த அனைவரும் பார்த்திருந்தார்கள். ஆகவே எவாரிஸ்தோமேல் பழி விழவில்லை. வல்தோனி, முலாம்பழம் வாங்குகிறவரைப்போல லோரிஸின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நாலு தையல். இனிமே வரைய வேண்டியதே இல்லை. ஆனா, வலது கன்னம்…" கண்களை மூடிக்கொண்டு கணக்குப் போட்டார், திறந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "அட, இதுக்கா யோசிக்கிறேன்! மிச்சப் படம் பூராவும் புரட்டியே எடுத்துடுவோம்! மூணு வாரமும் புரட்டு நாளுதான்!"

இனியும் சொல்லாமல் இருக்க எவாரிஸ்தோவால் முடியவில்லை. அன்று மாலை, கப்பல் தலைவனின் அறையாகப் போட்டிருந்த அரங்கில், மாஸ்டரையும் இயக்குநரையும் உட்காரவைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னார். மூன்று வாரம் குருடனாக வாள் வீச முடியாது. அடுத்த முறை கன்னத்தோடு நிற்காது. வேலை போனாலும் போகட்டும், என்னை விட்டுவிடுங்கள் என்றார்.

காஸ்பரே தரையைப் பார்த்தார். வல்தோனி சிகரெட் பற்றவைத்தார்.

"உனக்குக் கண்ணு தெரியும்."

"தெரியாதுங்க."

"தெரியும்னு டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்காரு. டாக்டரைவிட நீ படிச்சவனா?"

"டைரக்டரே, நான் அவரை ஏமாத்தினேன்."

"அப்ப ஜெயிலுக்குப் போவே. ஹீரோ முகத்தைக் கிழிச்சவன் குருடன்னு தெரிஞ்சா காப்பீட்டுக்காரன் நாளைக்கே திடலைப் பூட்டுவான். முப்பத்து நாலு குடும்பம். ஸாயிரா, தச்சனுங்க, இதோ உக்காந்திருக்கானே உன் சிநேகிதன், எல்லாரும் உன் பேரைச் சொல்லிச் சொல்லிச் சாபம் குடுப்பாங்க. பாதிப் படத்துல உன் மூஞ்சி இருக்கு. வேற ஆளையும் போட முடியாது. நீயே முடிவு பண்ணு."

எவாரிஸ்தோ நண்பரின் பக்கம் திரும்பினார். "காஸ்பரே, நீயாவது சொல்லேன்."

"நான் எண்ணறேன்பா. சத்தமா எண்ணறேன்," என்றார் காஸ்பரே, தலையை நிமிர்த்தாமல்.

ஒன்றரை ஆண்டுகளாக எவாரிஸ்தோ காத்துவந்த இரகசியத்தை இப்போது அவர்கள் அவரிடமிருந்து பறித்துத் தாமே காக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த அறை அரங்குக்கு மூன்று சுவர்கள்தாம் என்பதை மட்டும் மூவருமே மறந்துபோனார்கள். நான்காவது சுவர் இருக்கவேண்டிய இடத்தில், இருட்டில், கன்னத்தில் பஞ்சு வைத்துக்கொண்டு லோரிஸ் நின்றிருந்தான்.

இறுதிச் சண்டை மூன்றாவது வாரத்தின் கடைசி நாளில். தளத்துக்கு மேலே, நான்கு ஆள் உயரத்தில், ஒரு குறுகிய பலகைப் பாதை. கொள்ளைக்காரன் வாள் வீசிக்கொண்டே அதில் பின்னோக்கி நடப்பான். ஏழாவது அடியில் பாதை இடப்புறம் வளையும், அவனும் திரும்பவேண்டும். பதினோராவது அடியில் குத்துப்பட்டு விழவேண்டும். அங்கே கீழே மெத்தைகள் அடுக்கியிருந்தன. ஏழில் திரும்பாமல் நேரே போனால் எட்டாவது அடிக்குப் பலகை கிடையாது. அது கப்பலின் கட்டப்படாத பக்கம்.

எவாரிஸ்தோ அந்தப் பாதையை விடியற்காலையில் வந்து கண்ணைத் திறந்துகொண்டு இருபது முறையும், கட்டிக்கொண்டு முப்பது முறையும் நடந்து பழகியிருந்தார். ஏழு, திரும்பு, பதினொன்று, விழு. நாள் முழுவதும் உதடுகள் அதையே முணுமுணுத்தன.

வல்தோனிக்குக் கடைசி நிமிடத்தில் புயல் வேண்டுமென்று தோன்றிவிட்டது. பழைய விமானத்தின் காற்றாடி ஒன்றைக் கொண்டுவந்து முடுக்கினார்கள். பாய் விம்மிற்று. அந்த இரைச்சலில் காஸ்பரே தொண்டை கிழிய எண்ணினார். அவருடைய வாய் அசைவதைத்தான் மற்றவர்கள் பார்த்தார்கள். எவாரிஸ்தோவுக்கு அதையும் பார்க்க வழியில்லை.

அவருக்குக் கேட்ட ஒரே குரல், வாளுக்கு வாள் உரச ஒரு முழத் தொலைவில் நின்றவனுடையது.

"என்னண்ணே, நல்லா இருக்கீங்களா? ஒண்ணு… ரெண்டு… கண்ணு கூசுதா?"

எவாரிஸ்தோ தடுத்தார், பின்வாங்கினார். மூன்று.

"மூணு. இல்ல, ரெண்டா? நான் வேணா எண்ணித் தர்றேன். நாலு. மூணு. நாலு."

"வாயை மூடுடா. தயவுசெஞ்சு வாயை மூடு, தம்பி."

"தம்பியா? கன்னம் கிழிச்சப்ப தம்பி ஞாபகம் வரலையா? அஞ்சு. கண்ணாடியில தினம் பாக்கறேன்ணே உங்களை. நாலு. அஞ்சு. பயப்படாதீங்க, டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்காரே. அஞ்சு."

கால்கள் ஆறு என்றன. காது ஐந்து என்றது. முப்பது ஆண்டுகளாக மனப்பாடம் ஒன்றையே நம்பி வாழ்ந்த மனிதருக்கு, இப்போது மனப்பாடத்தில் ஓர் எண்கூட மிஞ்சவில்லை. நின்றுவிடலாமா என்று எண்ணினார். ஆனால் வாள் வந்துகொண்டிருந்தது; பின்வாங்கித்தான் ஆகவேண்டும். ஓர் அடி வைத்தார். அதை ஆறென்று கொண்டார். மற்றோர் அடியை ஏழென்று கொண்டு, திரும்புவதற்காகக் காலை ஊன்றினார்.

ஊன்றுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

முட்டுக்கட்டைகளின்மேல் அவர் விழுந்த ஓசையைக் காற்றாடி விழுங்கிவிட்டது. வல்தோனி கையை உயர்த்தி, "நிறுத்து! அற்புதம்! திடீர்னு மாயமா மறைஞ்சான் பாரு, எழுதி வெச்சதைவிட இதுதான் நல்லா இருக்கு!" என்று கூவினார். பிறகுதான் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

எவாரிஸ்தோ மல்லாந்து கிடந்தார். வலக்கால் இடுப்புக்குக் கீழே ஆகாத திசையில் மடங்கியிருந்தது. ஸாயிரா மண்டியிட்டுத் தோல்மறைப்பை அவிழ்த்தாள். ஆணி துருத்திய பலகைகளும் அவற்றுக்கு மேலே வானமும் தெரிந்தன.

"எந்தப் பக்கம்மா ஒடிஞ்சிருக்கு? எனக்கு ஒண்ணும் புரியலை," என்றார் அவர்.

"வலது இடுப்புண்ணே. அசையாதீங்க."

வல்தோனி குனிந்து பார்த்தார். "கவலையை விடுப்பா. படத்துல அது இடது இடுப்பு."

இரண்டு பேர் சிரித்தார்கள். அதைக் கேட்டு மேலும் சிலர் சிரித்தார்கள். காஸ்பரே, அடைத்துப்போன தொண்டையோடு, ஏழு, ஏழு என்று எவருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். பலகைப் பாதையின் மேலேயிருந்து லோரிஸ் எட்டிப் பார்த்து, தன் எந்தப் பக்கம் படத்தில் விழுந்தது என்று கேட்டான்.

மருத்துவ வண்டி வந்துசேர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள், எஞ்சியிருந்த வெளிச்சம் வீணாகாதபடி, வெற்றி பெற்ற கதாநாயகன் கடலை நோக்கும் காட்சியை இரண்டு முறை எடுத்து முடித்தார்கள்.